எந்த அளவுகோலால் அளக்கிறோம்?
வளரும் பெண் பிள்ளைகளின் உருவக் கவலையும் நம் பொறுப்பும்

 

ஒரு கல்யாண வீட்டை மனதில் கொண்டு வாருங்கள். ராத்தாவின் நிக்காஹ். பதின்மூன்று வயதுத் தங்கை புது உடுப்பு உடுத்தி, கையில் மருதாணி சிவக்க, பெண்கள் பகுதியில் சஹனுக்கு முன்னால் உட்கார்கிறாள். எதிரே இருக்கும் மாமி எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறார்: "என்ன புள்ள, போன பெருநாளைக்குப் பார்த்ததுக்கு ரெண்டு மடங்கா ஆயிட்டே! இப்பவே இப்படின்னா உனக்கு மாப்பிள்ளை எங்க தேடுறது?" பக்கத்தில் இருக்கும் சாச்சி சேர்த்துக்கொள்கிறார்: "ராத்தா உம்மா மாதிரி நல்ல நிறம். இவ வாப்பா மாதிரி கறுத்துப் போயிட்டா." எல்லோரும் சிரிக்கிறார்கள். சபையில் என்ன சொல்வது என்று தெரியாமல் உம்மாவும் சிரித்து வைக்கிறார். பிள்ளையும் சிரிக்கிறாள். ஆனால் அன்று அவள் சாப்பிட்டது இரண்டு பிடிதான்.

மறுநாள் காலையில் "பசிக்கலை" என்கிறாள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுத்த சோறு அப்படியே திரும்பி வருகிறது. குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டால் ஓடி ஒளிகிறாள். மூன்று வாரம் கழித்துப் பள்ளிக்கூட மைதானத்தில் மயங்கி விழுகிறாள். "வெயில் தாங்கலை போல" என்று நாம் பேசிக்கொள்கிறோம். கல்யாண வீட்டில் சொன்ன வார்த்தை யாருக்கும் ஞாபகம் இல்லை. பிள்ளைக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. மாமியும் சாச்சியும் கெட்டவர்களும் அல்ல. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் கண் விழிப்பவர்கள் அவர்கள்தான். ஆகவே இந்தப் பாடம் யாரையும் குற்றவாளியாக்க எழுதப்படவில்லை. நம் பிள்ளைகளை நாம் எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்று நம்மையே கேட்டுப் பார்க்க எழுதப்படுகிறது.

பர்தா போடும் பிள்ளைக்கு இந்தக் கவலை உண்டா?

"நம்ம பிள்ளைங்க பர்தாவோடதானே போகுதுங்க, அவங்களுக்கு என்ன அழகுக் கவலை?" என்று சிலர் கேட்கிறார்கள். பர்தா வெளியாரின் பார்வையிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. ஆனால் நம் பிள்ளையின் உருவத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் வெளியார் அல்லர். பர்தாவைக் கழற்றிவிட்டு அவள் உட்காரும் இடத்தில், அதாவது நம் வீட்டுக் கூடத்தில், கல்யாண வீட்டின் பெண்கள் பகுதியில், பெருநாள் விருந்தில்தான் அந்தப் பேச்சு நடக்கிறது. அவளுக்குப் பாதுகாப்பாக இருக்க வேண்டிய இடமே அளவெடுக்கும் இடமாகிவிடுகிறது.

கைப்பேசியும் அவள் படுக்கை வரைக்கும் வந்துவிட்டது. அதில் அவள் பார்க்கும் முகங்களில் பல, ஃபில்டர் போட்டு நிறம் கூட்டி, மூக்கைச் சிறிதாக்கி, பருவை அழித்து எடுத்த முகங்கள். அந்தப் படத்தில் உள்ள பெண்ணுக்கே அந்த முகம் கிடையாது. அது தெரியாமல் நம் பிள்ளை தன் சொந்த முகத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள்.

படங்கள் இவ்வளவு செய்யுமா என்று சந்தேகம் வரலாம். பசிபிக் கடலில் பிஜி என்ற தீவு நாடு இருக்கிறது. உடல் பூசினாற்போல் இருப்பதையே ஆரோக்கியம், அழகு என்று கருதி வந்த மக்கள் அவர்கள். 1995இல் அங்கே ஒரு பகுதிக்கு முதன்முதலாகத் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர், தொலைக்காட்சி வந்த புதிதிலும், பின்னர் 1998இலும் அப்பகுதிப் பள்ளி மாணவிகளிடம் விசாரித்தார். 1995இல், எடை குறைப்பதற்காகச் சாப்பிட்டதை வாந்தி எடுத்ததாகச் சொன்ன மாணவி ஒருவரும் இல்லை. 1998இல் 100க்கு 11 பேர் அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். மூன்றே ஆண்டுகள்! அன்று கூடத்தில் ஒரு பெட்டியாக இருந்த திரை, இன்று நம் பிள்ளையின் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

இந்த வயதில் உடலுக்கு என்ன நடக்கிறது?

பிள்ளைக்கு இதை விளக்கிச் சொல்லும் கடமை உம்மாமார்களுக்கு உண்டு. சொல்வதற்கு முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை சில.

பெண் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் பொதுவாக 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் தொடங்குகிறது. மாதவிடாய் வருவதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளில் உயரம் கூடுகிறது, இடுப்பு அகலமாகிறது, உடலில் கொழுப்புச் சேர்கிறது. இது நோய் அல்ல, தின்று கெட்டதும் அல்ல. பெண்ணின் உடல் முதிர்ச்சி அடைய அந்தக் கொழுப்பு தேவை. சிலர் முதலில் பருத்துப் பின்னர் உயர்வார்கள். சிலர் முதலில் உயர்ந்து பின்னர் சதை போடுவார்கள். ஒரே வகுப்பில், ஒரே வயதில், ஒருத்தி சிறுமி போலவும் இன்னொருத்தி பெரிய பெண் போலவும் இருப்பது இயல்பு.

ஹார்மோன் மாற்றத்தால் தோலில் எண்ணெய்ப் பசை கூடுகிறது. அதனால் பரு வருகிறது. தோலின் நிறத்தைத் தருவது மெலனின் என்ற நிறமி. அது குறைபாடு அல்ல. வெயிலின் கெடுதலிலிருந்து தோலைக் காப்பது அதுதான். மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாகவே அல்லாஹ் சூரா அர்ரூமில் எடுத்துக் காட்டுகிறான். அல்லாஹ் அத்தாட்சி என்று சொன்னதை நாம் குறை என்று சொல்லலாமா?

மருத்துவரிடம் காட்ட வேண்டிய நேரங்களும் உண்டு. 8 வயதுக்கு முன்பே பருவ மாற்றம் தெரிந்தாலோ, 15 வயது ஆகியும் மாதவிடாய் வராவிட்டாலோ காட்டுங்கள். மாதவிடாய் மாதக் கணக்கில் தள்ளிப்போவதோடு முகத்தில் முடி அதிகம் முளைத்தால் காட்டுங்கள். கழுத்தைச் சுற்றித் தோல் தடித்துக் கறுத்திருந்தால், "சரியாகத் தேய்த்துக் குளிக்கவில்லை" என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். அது அழுக்காக இல்லாமல், இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். நாரைப் போட்டுத் தேய்த்தால் அது போகாது.

நபி (ஸல்) அவர்களின் வீட்டில்

நம்முடைய அன்னையர், நபி (ஸல்) அவர்களின் துணைவியர், எல்லோரும் ஒரே உருவத்தில் இருந்தவர்கள் அல்லர்.

அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் கனத்த உடல்வாகு கொண்டவர்கள், மெதுவாக நடப்பவர்கள். ஹஜ்ஜின்போது முஸ்தலிஃபாவில், மக்கள் கூட்டம் நெருக்கியடித்துக் கிளம்புவதற்கு முன்பே தான் புறப்பட்டுப் போக அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அனுமதி கொடுத்தார்கள். "ஏன் இப்படி இருக்கிறாய்" என்று ஒரு சொல் இல்லை; கேலி இல்லை. அந்த உடலுக்கு எது வசதியோ அதைச் செய்து கொடுத்தார்கள். தானும் அப்படி அனுமதி கேட்டிருக்கலாமே என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பின்னாளில் ஆசைப்பட்டுச் சொன்னதையும் புகாரீ நூலில் காண்கிறோம்.

அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் குள்ளமானவர்கள். ஒரு முறை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் குறிப்பிட்டுப் பேசிவிட்டார்கள். அப்போது நபி (ஸல்) அவர்கள், நீ சொன்ன இந்த ஒரு வார்த்தையைக் கடல் நீரில் கலந்தால் அது கடலையே மாற்றிவிடும் என்ற கருத்தில் கண்டித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இந்தச் செய்தி இருக்கிறது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, ஆயிஷா (ரலி) சொன்னது பொய் அல்ல. ஸஃபிய்யா (ரலி) உயரம் குறைந்தவர்கள்தான். நம்மைக் கேட்டாலும் "உள்ளதைத்தானே சொன்னேன், இல்லாததையா சொன்னேன்?" என்கிறோம். ஒருவரிடம் உள்ள குறையை, அவர் வெறுக்கும்படி அவர் இல்லாத இடத்தில் பேசுவதுதான் புறம் என்றும், இல்லாததைச் சொன்னால் அது அவதூறு என்றும் நபி (ஸல்) அவர்கள் விளக்கிவிட்டார்கள். ஆகவே "உண்மையைத்தான் சொன்னேன்" என்பது இங்கே சாக்கு ஆகாது. முகத்துக்கு நேரே சொல்லிச் சிரித்தாலும் தப்ப முடியாது. ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப் பெயர் சூட்டுவதையும் சூரா அல்ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. அந்த வசனம் பெண்கள் பெண்களைப் பரிகசிப்பதைத் தனியாக எடுத்துச் சொல்கிறது. "கறுப்பி", "குண்டு", "நெட்டை", "பல்லி" என்று நம் வீடுகளில் செல்லமாகவே வழங்கும் பெயர்களை இந்த வசனத்துக்கு முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, இந்தச் சம்பவத்தை நமக்கு அறிவித்தவர்களே ஆயிஷா (ரலி) அவர்கள்தான். தான் கண்டிக்கப்பட்டதை அவர்கள் மறைக்கவில்லை. சமுதாயம் படிப்பினை பெறட்டும் என்று எடுத்துச் சொன்னார்கள். பிள்ளையிடம் போய், "உம்மா அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்பும்மா" என்று ஒப்புக்கொள்வதில் நமக்குக் குறைவு ஒன்றும் வந்துவிடாது.

இரண்டு ஆபத்துகள்

மனதில் விழுந்த காயம் மனதோடு நிற்பதில்லை. அது சாப்பாட்டுத் தட்டுக்கும் முகப்பூச்சு டப்பாவுக்கும் வந்து சேர்கிறது.

முதலில் தட்டு. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100க்கு 59 பேர் இரத்த சோகை உள்ளவர்கள். ஏற்கெனவே இரத்தம் குறைந்த பிள்ளை காலைச் சாப்பாட்டையும் விட்டால் என்ன ஆகும்? மயக்கம், முடி கொட்டுதல், படிப்பில் கவனமின்மை, மாதவிடாய் நின்றுபோதல் என்று வளரும். எலும்பு பலம் பெறும் வயதும் இதுதான். இப்போது விட்டதைப் பிறகு முழுதாக ஈடுகட்ட முடியாது. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையைப் பிள்ளை விழுங்குகிறாளா என்று கேளுங்கள். முருங்கைக் கீரை, பேரீச்சை, ஈரல், மீன், முட்டை இவையெல்லாம் நம் வீட்டுக்குப் புதியவை அல்லவே.

நம் வீடுகளில் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று நோன்பு. ரமளான் முடிந்த பின்னும் பிள்ளை அடிக்கடி நஃபில் நோன்பு வைக்கிறாள், ஆனால் ஸஹருக்கு எழுந்திருக்க மறுக்கிறாள், நோன்பு திறந்ததும் கஞ்சியைத் தொடுவதில்லை என்றால், பக்தி என்று சந்தோஷப்படுவதோடு நிறுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல விசாரியுங்கள். இளைப்பதற்காகப் பட்டினி கிடப்பதற்கு நோன்பு திரையாகிவிடக் கூடாது. அமல் நிய்யத்தைக் கொண்டுதானே!

அடுத்து டப்பா. நிறம் கூட்டுவதாகச் சொல்லும் சில கிரீம்களில் பாதரசம் கலக்கப்படுகிறது. அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2021க்கும் 2023க்கும் இடையில் பக்கத்து மாநிலத்தில், மலப்புறம் மாவட்டம் கோட்டக்கலில், சிறுநீரக வடிகட்டி பாதித்துப் புரதம் ஒழுகும் நோயோடு வந்தவர்களில் பலர் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்கள் என்பதை மருத்துவர்கள் கண்டறிந்து எழுதினார்கள். வேறு சில கிரீம்களில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். பூசிய புதிதில் முகம் பளிச்சென்று தெரியும். நாளாக ஆகத் தோல் மெலிந்து சிவந்து, நிறுத்தினால் முன்னைவிடப் பரு வெடிக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை வாங்கவே கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியில் சாக்லேட்டோடு சேர்ந்து வரும் கிரீமையும், தயாரிப்பாளர் பெயரும் உட்பொருள் பட்டியலும் இல்லாத டப்பாவையும் பிள்ளையின் முகத்தில் பூசாதீர்கள். அனுப்பும் வாப்பாமார்களும் அண்ணன்மார்களும் இதை நினைவில் வையுங்கள்.

அழகு பேணுவது தவறா?

இல்லை. அல்லாஹ் அழகை விரும்புபவன் என்று நமக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறது. தலை வாருவதும், சுத்தமாக உடுத்துவதும், பருவுக்கு மருத்துவம் செய்வதும், ஓடியாடி உடலைப் பலமாக வைத்துக்கொள்வதும் நல்லவையே. "உன்னை நீ ஏற்றுக்கொள்" என்றால் உடலைக் கவனிக்காதே என்று பொருள் அல்ல. உடல் ஓர் அமானிதம். அமானிதத்தைப் பேணுவது வேறு. "இது ஏன் எனக்கு இப்படிக் கொடுக்கப்பட்டது" என்று அதை வெறுப்பது வேறு.

பெண் பார்க்கும் விஷயத்திலும் இப்படித்தான். மணக்கப் போகிறவர் பெண்ணைப் பார்ப்பதை மார்க்கம் அனுமதிக்கிறது. ஆனால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பத்துப் பேர் வந்து உட்கார்ந்து, நடக்கச் சொல்லி, நிறத்தைக் கைக்குக் கை ஒப்பிட்டு, பிஸ்கட் தின்றுவிட்டுக் கிளம்பும்போது "கொஞ்சம் நிறம் கம்மி" என்று சொல்லி அனுப்புவது அந்த அனுமதியில் சேராது. பொருத்தம் இல்லையென்றால் காரணம் சொல்லாமல் கண்ணியமாக விலகலாம். நாளை நம் பிள்ளையும் அந்தப் பாயில் உட்காரும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. ஒரு மாதத்துக்கு வீட்டில் யாரும் யாருடைய எடை, நிறம், உயரம், பல், முடி பற்றியும் கருத்துச் சொல்வதில்லை என்று முடிவெடுங்கள். உங்கள் சொந்த உடலைப் பற்றியும்தான். உம்மா கண்ணாடி முன் நின்று "பார்க்கவே சகிக்கலை" என்று தன்னைச் சொல்வதைப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

2. சபையில் யாராவது பேசினால் சிரித்து மழுப்பாதீர்கள். "அல்லாஹ் நல்லாத்தான் படைச்சிருக்கான் மாமி, துஆ செய்யுங்க" என்று சொன்னால் போதும். மாமிக்கு மரியாதை குறையாது. உம்மா தன் பக்கம் நிற்கிறார் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

3. அக்கா தங்கையை ஒப்பிடாதீர்கள். புகழ்ச்சியாகச் சொன்னாலும் ஒருத்தியைப் புகழும்போது இன்னொருத்தி அடிபடுகிறாள்.

4. வாப்பாமார்களே, நீங்களும் பேசுங்கள். பிள்ளை பெரியவளாகிவிட்டாள் என்று ஒதுங்கிவிடாதீர்கள். அவளுடைய ஓதலை, உழைப்பை, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பேர் சொல்லிப் பாராட்டுங்கள்.

5. சாப்பாட்டைத் தண்டனையாகவோ பரிசாகவோ ஆக்காதீர்கள். ஒரு நேரமாவது எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். யார் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

6. தொடர்ந்து சாப்பாட்டைத் தவிர்ப்பது, சாப்பிட்டவுடன் குளியலறையில் கதவடைப்பது, வேகமாக இளைப்பது, யாரையும் பார்க்க மறுப்பது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது போன்றவை தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. குழந்தைகள் உதவி எண் 1098. மனத்துக்கு மருத்துவம் தேடுவது ஈமான் குறைவு அல்ல.

அன்பு மகளே, உனக்கு

இதை நீயும் படித்துக்கொண்டிருந்தால், உன்னிடம் சில வார்த்தைகள். யாரோ சொன்னது உனக்கு வலித்தது என்றால் நீ பலவீனமானவள் இல்லை. வலிக்கும் வார்த்தை வலிக்கத்தான் செய்யும். அதை மனதுக்குள் பூட்டி வைக்காமல் உம்மாவிடமோ, ராத்தாவிடமோ, உனக்குப் பிடித்த உஸ்தாதிடமோ சொல். பட்டினி கிடக்காதே. உன் உடல் இன்னும் வளர்ந்து முடியவில்லை. இப்போது கண்ணாடியில் தெரிவது முடிந்துபோன உருவம் அல்ல. பார்த்தால் உன்னையே உனக்குப் பிடிக்காமல் போகிற பக்கங்களைக் கைப்பேசியிலிருந்து எடுத்துவிடு.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் கால்கள் மிக மெலிந்தவை. மிஸ்வாக் குச்சி ஒடிக்க அவர்கள் மரத்தில் ஏறியபோது அந்தக் கால்களைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். மறுமைத் தராசில் அவை உஹத் மலையைவிடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். கால் பருக்கவில்லை, அளக்கும் தராசு மாறியது.

முடிவாக

நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியரிடம், உங்களில் நீளமான கை உடையவரே எனக்குப் பின் முதலில் என்னை வந்து சேர்வார் என்ற கருத்தில் சொன்னார்கள். அன்னையர் தங்கள் கைகளை ஒன்றோடொன்று வைத்து அளந்து பார்த்தார்கள். ஆனால் முதலில் வஃபாத்தானவர்கள் அன்னை ஸைனப் (ரலி) அவர்கள். தம் கையால் உழைத்து, அதைத் தர்மம் செய்தவர்கள். நீளம் என்றது எலும்பின் நீளம் அல்ல, கொடுக்கும் கையின் நீளம் என்று அப்போதுதான் விளங்கியது.

அடுத்த கல்யாண வீட்டில் அந்தத் தங்கை நம் எதிரே சஹனுக்கு உட்காரும்போது, நம் வாயிலிருந்து முதலில் வரும் வார்த்தை என்னவாக இருக்கும்? "வா கண்ணு, நல்லாருக்கியா? இப்ப எந்த ஜுஸ்உ ஓதுறே? நல்லாச் சாப்பிடு" என்று இருக்கட்டும்.

குடும்பத்தோடு கலந்து பேச:

• நம் வீட்டில் உடலை வைத்து வழங்கும் பட்டப் பெயர் எது? அதை நிறுத்த யார் முதலில் தொடங்குவது?

• சின்ன வயதில் உங்கள் உருவத்தைப் பற்றி யாரோ சொன்ன வார்த்தை இன்னும் நினைவிருக்கிறதா? அதைப் பிள்ளைகளிடம் சொல்ல முடியுமா?

• ஸவ்தா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் செய்துகொடுத்த வசதி போல, நம் வீட்டில் யாருக்கு எதைச் செய்து கொடுக்கலாம்?

யா அல்லாஹ்! எங்கள் தோற்றத்தை நீ அழகாக்கியதைப் போல எங்கள் குணத்தையும் அழகாக்குவாயாக. எங்கள் நாவுகளால் எங்கள் பிள்ளைகள் காயப்படாமல் காப்பாயாக. ஆமீன்.